நாலடிக்கு ஆறடியில் அடையாறு, 1746

பழைய போர்களைச் சின்னப் பொம்மைகளை வைத்து மேசைமேல் ஆடும் பழக்கம் உள்ளவர்கள் பெரும்பாலும் வாட்டர்லூவிலோ நார்மண்டியிலோதான் போய் நிற்பார்கள். கடையில் கிடைக்கும் பெட்டிகள் அப்படி. சென்னையில் உட்கார்ந்துகொண்டு பெல்ஜியத்து வயல்வெளிக்குப் பச்சை தூவுவதில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு வரவில்லை. பட்டினப்பாக்கத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய இடத்தில் ஒரு போர் நடந்திருக்கிறது. அதையே செய்துபார்க்கலாம் என்று இறங்கினேன்.

நடந்தது இதுதான். 1746 செப்டம்பரில் லா போர்தொனேயின் பிரெஞ்சுக் கப்பல்படை ஆங்கிலேயரின் புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தது. பிடித்த ஊரை ஆற்காட்டு நவாபிடம் கொடுத்துவிடுவதாகப் புதுச்சேரி ஆளுநர் டூப்ளே ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். கொடுக்கவில்லை. நவாப் அன்வருத்தீன் தன் மகன் மாபூஸ் கானைச் சுமார் பத்தாயிரம் பேரோடு அனுப்பிக் கோட்டையை வளைத்தார். நவம்பர் 2ஆம் தேதி கோட்டைக்குள்ளிருந்து ஏறத்தாழ 400 பிரெஞ்சு வீரர்கள் இரண்டு பீரங்கிகளோடு வெளியே வந்து, பாய்ந்து வந்த குதிரைப்படையைச் சுட்டு விரட்டினார்கள். இதற்கிடையே புதுச்சேரியிலிருந்து பாரடிஸ் என்ற சுவிட்சர்லாந்துக்காரரின் தலைமையில் ஏறத்தாழ ஆயிரம் பேர் கடற்கரையோரமாக வடக்கே வந்துகொண்டிருந்தார்கள். மாபூஸ் கான் சாந்தோமுக்கு நகர்ந்து, அடையாற்றின் வடகரையில் அவர்களை மறித்து நின்றார். அது நவம்பர் 4. சில புத்தகங்களில் அக்டோபர் 24 என்று இருக்கும். இங்கிலாந்து 1752 வரை பழைய நாட்காட்டியிலேயே இருந்ததால் வந்த பதினொரு நாள் வித்தியாசம், வேறொன்றும் இல்லை.

பாரடிஸிடம் பீரங்கி கிடையாது. எதிர்க்கரையில் பீரங்கி வரிசை. ஆற்றில் இறங்கிக் கடந்து, கரையேறி, ஒரே நேரத்தில் சுட்டு, பயனெட்டோடு, அதாவது துப்பாக்கி முனையில் செருகிய கத்தியோடு, முன்னேறினார்கள். பத்தாயிரம் பேர் கலைந்தார்கள்.

இதை விளையாட்டாக்குவதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் பொம்மையை வைத்துச் சாதாரண விதிகளில் ஆடினால் பிரெஞ்சுக்காரன் மூன்றாவது சுற்றில் காலி. அவன் ஜெயிப்பதற்காக "பிரெஞ்சு வீரனுக்குப் பகடையில் இரண்டு கூடுதல்" என்று எழுதிவிட்டால், அவன் எதனால் ஜெயித்தான் என்பது மேசையில் தெரியாது; வெள்ளைக்காரன் என்றால் வீரன் என்ற பழைய கதைதான் மிஞ்சும். எனக்கு வேண்டியது வேறு. அந்தப் பத்தாயிரம் பேர் ஏன் உதவவில்லை என்பது ஆடுகிறவன் கையில் உறுத்த வேண்டும்.

முதலில் அளவு. பொம்மைகள் 1/72, அதாவது நிற்கும் ஆள் இரண்டரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 28 மில்லிமீட்டர் உலோகப் பொம்மைகள் பார்க்க அழகுதான், ஆனால் ஒரு வீரனின் விலையில் இங்கே ஒரு வேளை மதியச் சாப்பாடு முடிந்துவிடும். ஒரு பொம்மைக்கு 50 பேர் என்று வைத்தேன். மேசையில் ஓர் அங்குலம் என்றால் தரையில் 12 மீட்டர். மூன்று வரிசையாக நிற்கும் ஆயிரம் பேருக்குத் தோராயமாக 200 மீட்டர் அகலம் வேண்டும், அதாவது 16 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. ஆயிரம் பேருக்கு 20 பொம்மை. ஒன்றுக்கு இரண்டு சென்டிமீட்டர் இடம் கொடுத்தால் 40 சென்டிமீட்டர். இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று பொருந்தியபோது ஒரு டீ கூடுதலாகக் குடித்தேன். நவாப் பக்கம் அதே கணக்கில் 200 பொம்மை. எல்லாவற்றுக்கும் வண்ணம் அடிக்கப் போவதில்லை. எப்படித் தப்பித்தேன் என்பது கீழே வருகிறது.

பலகைக்கு அடியில் மெல்லிய பிளைவுட், மேலே இரண்டு அடுக்கு சன்போர்டு. கட்டடக்கலை மாணவர்கள் மாடல் செய்ய வாங்கும் அதே சன்போர்டுதான். பாரிமுனைச் சந்துகளில் முழு ஷீட்டாக வாங்கினால் மலிவு. நாலடிக்கு ஆறடி என்பது ஆட்டோவில் ஏறாது என்பதால் நடுவில் இரண்டாக வெட்டி, அடியில் கொக்கி போட்டேன். மேல் அடுக்கில் ஆற்றை வெட்டி எடுத்தால் கீழ் அடுக்கு ஆற்றுப் படுகை ஆகிவிடும். கரைச் சரிவுக்கு வால் புட்டி. ஈரமாக இருக்கும்போதே பழைய பல் பிரஷ்ஷால் குத்திவிட்டால் சேறு காய்ந்த தோற்றம் வரும்.

இடத்தைப் பார்க்க ஒரு ஞாயிறு காலையில் திரு.வி.க. பாலத்தில் நின்று கிழக்கே பார்த்தேன். இடப்பக்கம் குவிபிள் தீவு, அதற்கு அப்பால் சாந்தோம். வலப்பக்கம் பிரம்மஞான சபையின் தோட்டம், அதைத் தாண்டி ஊரூர் ஆல்காட் குப்பம், உடைந்த பாலம். பாரடிஸ் வந்து நின்றது இந்த வலப்பக்கத்துக் கரை. பாலமும் அடுக்குமாடிகளும் இல்லாமல் அந்த இடத்தைக் கற்பனை செய்ய முகத்துவாரத்தின் மணல்திட்டுகள்தான் உதவின. பலகையிலும் ஆற்றுக்கு நடுவே ஒரு திட்டு வைத்தேன். ஆடுகிறவனுக்கு அங்கே நின்று வரிசையைச் சரிசெய்யலாமா, நிற்காமல் போகலாமா என்று ஒரு யோசனை வரட்டும்.

மணலுக்கு எலியட்ஸ் கடற்கரைக்குப் போக வேண்டாம். கடல் மணலில் இருக்கும் உப்பு நம் ஊர் ஈரக்காற்றை இழுத்துக்கொண்டு மாதக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும், ஃபெவிகால் பிடிப்பும் விட்டுப்போகும். பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்தில் ஒரு டப்பா எம்-சாண்ட் கேட்டு வாங்கி, டீ வடிகட்டியில் சலித்தால் போதும். ஃபெவிகாலில் பாதி தண்ணீர் கலந்து பூசி, மணலைத் தூவி, காய்ந்த பிறகு மேலே இன்னொரு முறை அதே கலவையைத் தெளிக்க வேண்டும். அப்புறம் நிறம். காக்கி, அதன்மேல் வெளுத்த மஞ்சளைக் கிட்டத்தட்டக் காய்ந்த பிரஷ்ஷால் மேலோட்டமாக.

தண்ணீருக்கு என்ன நிறம் என்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். நீலம் அடிக்கவே கூடாது. நடந்தது நவம்பர் மாதம், வடகிழக்குப் பருவமழைக் காலம். மூன்று வாரம் முன்னால்தான் ஒரு புயல் லா போர்தொனேயின் கப்பல்களைச் சிதறடித்திருந்தது. அந்த மாதத்து ஆறு காவியும் பச்சையும் கலந்த கலங்கலாகத்தான் இருந்திருக்கும். அந்த நிறத்தை அடித்துவிட்டு மேலே இரண்டு பாகம் கலக்கும் எபாக்சி ரெசின் ஊற்றினேன். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் ஒரே தடவையில் ஊற்றினால் சூடாகிக் கொதித்துக் குமிழி விடும். இரண்டு அடுக்காக ஊற்றி, நடுவில் ஒரு நாள் விட்டேன். ஊற்றியவுடன் மேலே ஒரு அட்டைப் பெட்டியைக் கவிழ்த்துவிட வேண்டும். இல்லையென்றால் அடையாறு முழுக்கக் கொசு ஒட்டியிருக்கும். உண்மைக்கு நெருக்கம்தான், இருந்தாலும் வேண்டாம்.

மரம் பற்றிக் கொஞ்சம் அதிகம் சொல்ல வேண்டும். இணையத்தில் வெப்பமண்டலப் போர்க்களம் என்று தேடினால் எல்லோரும் ஈச்சையும் தென்னையும்தான் செய்கிறார்கள். எனக்குப் பனை வேண்டும், அது எங்கும் விற்கவில்லை. மூங்கில் குச்சியைச் சீவி, அடியில் அகலமாக வரும்படி சணல் நூலை ஃபெவிகால் தொட்டுச் சுற்றினேன். காய்ந்ததும் கறுப்பு கலந்த சாம்பல் நிறம் அடித்தால் பனையின் வளையத் தழும்பு தானாக வந்துவிடும். ஓலைக்குப் பச்சைச் சார்ட் பேப்பரில் மூன்று சென்டிமீட்டர் வட்டம் வெட்டி, அதைப் பாதியாக மடித்து, விசிறி மடிப்பாகத் திரும்பத் திரும்ப மடித்துப் பிரித்து, ஓரத்தைக் கத்தரிக்கோலால் பல் பல்லாக வெட்ட வேண்டும். ஒரு மரத்துக்குப் பதினைந்து ஓலையாவது தேவை. கீழே தொங்கும் காய்ந்த ஓலைக்குப் பழுப்புக் காகிதம். இந்த அளவில் பனை இருபது சென்டிமீட்டருக்கு மேல் உயர வேண்டும். அவ்வளவு உயரம் வைத்தால் கை தட்டிக்கொண்டே இருக்கும் என்பதால் பன்னிரண்டோடு நிறுத்திவிட்டேன். கூட்டமாக நட்டால் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

பொம்மைகளுக்கு வருவோம். பிளாஸ்டிக் பெட்டிகளில் வரும் 1/72 வீரர்கள் வளையும் வகைப் பிளாஸ்டிக். துப்பாக்கி எல்லாம் கோணிக்கொண்டு வரும். வெந்நீரில் அரை நிமிடம் போட்டு, நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஐஸ் தண்ணீரில் முக்கினால் நேராகிவிடும். அச்சில் இருந்த எண்ணெய் போகப் பாத்திரம் தேய்க்கும் சோப்பில் கழுவியாக வேண்டும், இல்லாவிட்டால் வண்ணம் உரியும். கழுவிய பிறகு ஒரு மெல்லிய ஃபெவிகால் பூச்சு. அதற்கு மேல் அக்ரிலிக் நன்றாகப் பிடிக்கிறது. ஸ்ப்ரே பிரைமரும் ஸ்ப்ரே வார்னிஷும் சென்னையில் மழைக்காலத்தில் தொடாமல் இருப்பதே நல்லது. காற்றின் ஈரத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். வார்னிஷைப் பிரஷ்ஷாலேயே அடித்துவிட்டேன்.

ஐரோப்பியர்களுக்கு ஆறு பொம்மை. முக்கோணத் தொப்பி, சாம்பல் கலந்த வெள்ளைக் கோட்டு. பதினெட்டாம் நூற்றாண்டுக் காலாட்படைப் பெட்டி எதுவாக இருந்தாலும் சரி. மீதிப் பதினான்கும் சிப்பாய்கள். எண்ணிக்கையைப் பாருங்கள்: "பிரெஞ்சுப் படை" என்று நாம் சொல்வதில் பத்துக்கு ஏழு பேர் நம் ஆட்கள். இதை மேசையில் கண்ணால் பார்க்கும்போது உறைக்கிற அளவுக்குப் படிக்கும்போது உறைப்பதில்லை. இவர்களுக்கென்று தனிப் பெட்டி தேடாமல், அதே முக்கோணத் தொப்பிக்காரர்களின் தொப்பியைப் பிளேடால் சீவிவிட்டுத் தலைப்பாகை கட்டினேன்.

தலைப்பாகைக்கு எம்-சீல், ஒழுகும் குழாயை அடைக்க வாங்கும் அதே பசை. இரண்டு துண்டையும் சம அளவில் எடுத்து, நிறம் ஒரே சீராகும்வரை பிசைய வேண்டும். அதிலிருந்து மிளகளவு கிள்ளி, ஈரமான டைல்ஸ்மேல் விரலால் உருட்டினால் சேமியா மாதிரி நீளும். அந்த நூலைத் தலையைச் சுற்றி மூன்று சுற்று. கடைசிச் சுற்றைக் காதுக்கு மேலே குறுக்காக ஏற்றி, நுனியைப் பிடரியில் செருக வேண்டும். பல்குத்தும் குச்சியைத் தண்ணீரில் தொட்டு மடிப்பு மடிப்பாக அழுத்தினால் துணி வந்துவிடும். குச்சி காய்ந்திருந்தால் தலைப்பாகை குச்சியோடு வந்துவிடும், அதனால் பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். நான்கு பேருக்குமேல் ஒரே தடவையில் கலக்காதீர்கள். நம் வெயிலுக்கு ஐந்தாவது ஆளுக்கு வருவதற்குள் இறுகத் தொடங்கிவிடும். உடைக்கு வெள்ளை அரைக்கால் சட்டை, இடுப்பில் நிறத் துணி. ஒரே மாதிரி சீருடை போடவில்லை, ஆளாளுக்கு ஒரு நிறக் கச்சை.

மாபூஸ் கானுக்கு யானை வேண்டும். நிஜ யானை தோள் வரை 2.8 மீட்டர் என்று வைத்தால் இந்த அளவில் நாலு சென்டிமீட்டர். எனக்குப் பிளாஸ்டிக்கில் கிடைத்ததெல்லாம் ஆப்பிரிக்க யானை, காது விசாலமாக. கொலு சீசன் தொடங்கும் நேரம் என்பதால் ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு கொசப்பேட்டைக்குப் போனேன். மண் பொம்மை செய்யும் பெரியவர் ஒருவர், நான் ஒவ்வொரு யானையாக அளந்து வைப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொலுவுக்கா தம்பி?"

"இல்லீங்கய்யா, சண்டை பொம்மைக்கு. நாலு சென்டிமீட்டர்தான் இருக்கணும்."

"ஜோடியாத்தான் வரும். ஒத்த யானை கொடுக்கிறதில்ல."

ஜோடியாகவே வாங்கி வந்தேன். ஒன்றின் மேல் ஐஸ் குச்சியில் அம்பாரி கட்டி, எம்-சீலில் மெத்தை விரித்து, ஆற்காட்டுக் கொடியையும் நட்டாயிற்று. இன்னொன்று மூட்டை சுமக்கிறது. சுடுமண் கால் மேசை விளிம்பில் பட்டால் உடைந்துவிடும் என்பதால் இரண்டுக்கும் உள்ளங்காலிலிருந்து மெல்லிய துளை போட்டுக் கம்பி செருகி ஃபெவிகுவிக் விட்டேன். துளை போடும்போது கையால் திருகும் டிரில்தான், மின்சார டிரில் வைத்தால் மண் பிளந்துவிடும்.

இனி 200 பொம்மை விஷயம். பதினாறு அங்குல வரிசையில் வரும் எதிரியோடு ஒரே நேரத்தில் மோதக்கூடிய நவாப் வீரர்கள் எத்தனை பேர்? முன்னால் இருப்பவர்கள் மட்டும்தான். பின்னால் இருப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்பது மட்டுமே செய்தி. அதனால் அறுபது சொச்சம் பொம்மைக்கு மட்டும் ஒழுங்காக வண்ணம் அடித்தேன்: குதிரைவீரர்கள், திரித் துப்பாக்கிக்காரர்கள் (எரியும் திரியால் மருந்தைப் பற்றவைக்கும் பழைய வகைத் துப்பாக்கி), பீரங்கி ஆட்கள். மீதிக் கூட்டத்துக்கு வெறும் சன்போர்டு சதுரங்கள், மேலே மணலும் சில ஈட்டியும். அவை சுடாது, சண்டை போடாது. இடம் மட்டும் பிடிக்கும். இந்த இடம் பிடித்தல்தான் பிற்பாடு ஆட்டத்தின் உயிர்நாடி ஆயிற்று.

விதிகளில் முக்கியமானது நேரம். ஒரு சுற்று மூன்று நிமிடம். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதியிருப்பதன்படி, நவாப் தரப்பில் ஒரு பீரங்கியைக் கால் மணி நேரத்துக்கு ஒரு முறை சுட்டாலே நல்ல வேலை என்று நினைத்தார்கள். நவம்பர் 2ஆம் தேதி குதிரைப்படை சிதறியதற்கும் அதுதான் காரணம்: முதல் குண்டுக்குப் பிறகு அவகாசம் இருக்கிறது என்று நம்பியவர்கள்மேல் அடுத்தடுத்த குண்டு நிமிடக் கணக்கில் வந்து விழுந்தது. ஆகவே என் மேசையில் நவாப் பீரங்கி சுட்டதும் அதன் பக்கத்தில் ஐந்து காட்டும் பகடை ஒன்றை வைக்க வேண்டும். சுற்றுக்கு ஒன்று குறையும். தீர்ந்தால்தான் மறுபடி சுடலாம்.

ஆற்றின் அகலம் ஓர் அடி. வரிசை கலையாமல், தோட்டாப் பையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடப்பவர்களுக்குச் சுற்றுக்கு நாலு அங்குலம். மூன்று சுற்றில் கரை. தண்ணீரில் இருப்பவர்கள் சுட முடியாது. இதைத் தனியே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. முதல் ஆட்டத்தில் நவாபாக உட்கார்ந்த நண்பன், பிரெஞ்சுப் படை தண்ணீரில் கால் வைத்ததும் எல்லாப் பீரங்கியையும் ஒரே நேரத்தில் வெடித்துவிட்டு, வரிசையாகப் பகடைகளை வைத்தான்.

"இனி எப்படா சுடலாம்?"

"அஞ்சு சுத்து கழிச்சு."

"அவன் மூணுல வந்துடுவானே."

"வந்துடுவான்."

அடுத்த ஆட்டத்தில் அவன் உஷார். பாதிப் பீரங்கியை முதலிலும் மீதியை நடு ஆற்றிலுமாகப் பிரித்துச் சுட்டான். அதைத் தடுக்க விதி எழுதலாமா என்று யோசித்தேன், எழுதவில்லை. மாபூஸ் கானுக்கும் அந்த வழி திறந்துதான் இருந்தது. குண்டு பட்டால் பொம்மையை எடுப்பதற்குப் பதில் "குலைவு" என்று ஒரு சிவப்பு மணி வைப்பது என்று மட்டும் மாற்றினேன். ஒரு பொம்மை 50 பேர். அன்றைக்குப் பிரெஞ்சுப் பக்கம் அவ்வளவு சாவு இல்லை. மணி இருக்கும் பேஸ் (பொம்மைகளை ஒட்டி வைத்திருக்கும் அடித்தட்டு) கரையேறியதும் ஒரு சுற்று நின்று வரிசையைச் சரிசெய்த பிறகுதான் சுடும். அந்த ஒரு சுற்றுக்குள் குதிரைப்படையைப் பாயவிட்டால் நவாபுக்கு உண்மையாகவே வாய்ப்பு இருக்கிறது. நண்பன் ஒரு முறை அப்படி ஜெயித்தும் விட்டான். பிரம்மஞான சபைப் பக்கம் வரை துரத்திக்கொண்டு போனான்.

கரையில் வரிசை நின்றுவிட்டால் கதை வேறு. பிரெஞ்சுப் பக்கத்து மஸ்கட் துப்பாக்கியின் வீச்சு ஆறு அங்குலம். பயிற்சி பெற்ற ஆள் நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை சுடுவான், திரித் துப்பாக்கிக்காரன் அதில் பாதிகூடச் சுட மாட்டான்; ஆகவே முன்னவனுக்குப் பொம்மைக்கு இரண்டு பகடை, பின்னவனுக்கு ஒன்று. பிரெஞ்சுக்காரனுக்கும் சிப்பாய்க்கும் ஒரே எண்ணிக்கைதான். குலைந்த நவாப் பேஸ் பின்னால் ஓடும். பின்னால்தான் அந்தச் சன்போர்டுச் சதுரங்கள் நிற்கின்றனவே. ஓடுகிறவன் ஒரு சதுரத்தில் மோதினால் அதுவும் குலையும், அது அடுத்ததில் மோதும். எல்லாவற்றுக்கும் பின்னால் சாந்தோம் தெரு: பலகையின் மேல் விளிம்பில் இரண்டு வரிசை வீடு, நடுவில் நாலு அங்குலச் சந்து. சுற்றுக்கு ஒரு பேஸ்தான் அதில் நுழையலாம். கூட்டம் எவ்வளவு பெரியதோ அவ்வளவுக்கு வாசல் அடைக்கிறது. சந்துக்கு முன்னால் பிரெஞ்சு வரிசை வந்து நின்று சுட ஆரம்பித்தால் நவாபாக ஆடுகிறவன் தன் சதுரங்களையே திட்டத் தொடங்குகிறான். "இத்தனை பேர யார்றா கூட்டிட்டு வரச் சொன்னது?" என்று நண்பன் கேட்டது நான் எழுதிய விதிகளுக்குக் கிடைத்த நல்ல மதிப்புரை.

யானைக்கு மட்டும் தனி விதி ஒன்று உண்டு. அது மேசையில் இருக்கும்வரை அதைச் சுற்றி எட்டு அங்குலத்தில் இருப்பவர்கள் ஒரு முறை பகடையைத் திருப்பிப் போடலாம். அது சந்துக்குள் போய்விட்டால் மிச்சம் இருக்கும் எல்லா பேஸும் நிற்பதா குலைவதா என்று உடனே பகடையில் ஒரு சோதனை போட வேண்டும். கொடி ஏந்திய யானை பின்வாங்குவதை எல்லோரும் பார்த்துவிடுவார்கள், குதிரையென்றால் யாருக்கும் தெரியாமல் நழுவலாம்.

இன்னும் முடியாத வேலைகள் சில. இரண்டு பலகையும் சேரும் கோடு ஆற்றுக்குக் குறுக்கே பளிச்சென்று தெரிகிறது. அங்கே போட ஒரு மணல்திட்டுத் துண்டு தனியாகச் செய்ய வேண்டும். குதிரைகளில் பாதி இன்னும் ஒரே பழுப்பு. பொம்மைகளை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்களில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்திருக்கிறேன், பனைகள் மட்டும் எந்த டப்பாவிலும் அடங்காமல் அலமாரிமேல் நிற்கின்றன. நண்பனுக்கு அடுத்ததாக நவம்பர் 2ஆம் தேதிச் சண்டை வேண்டுமாம், இந்தத் தடவை அவன் பிரெஞ்சுப் பக்கம். ஆறு தேவையில்லை, பலகையின் பின்பக்கமே போதும். வேகமாகச் சுடும் இரண்டு பீரங்கி மட்டும்தான் புதிதாகச் செய்ய வேண்டும். குழாய்க்குப் பழைய பால்பாயிண்ட் பேனாவின் பித்தளை ரீஃபிலும் சக்கரத்துக்குச் சட்டைப் பொத்தானும் எடுத்து வைத்திருக்கிறேன். நாலு ஓட்டைப் பொத்தானில் ஆரக்கால் வரைவது சுலபம், இரண்டு ஓட்டை என்றால் எம்-சீலால் அடைத்துவிட்டுத்தான் வரைய வேண்டும்.